புதுச் செருப்பைத் தொடாத திருடன்

அத்தியாயம் ஐந்து

துப்பறியும் நிபுணர் டென்னிஸ் எத்தனையோ இக்கட்டுகளைச் சந்தித்தவர். ஆனால் எந்தக் கொலைகாரன் முன்னாலும் அவருடைய கட்டைவிரல் இப்படி வெளியே எட்டிப் பார்த்ததில்லை. கொலைகாரன் யாரையும் அவர் இதுவரை சந்தித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை ராமசெல்வியின் வீட்டு வாசற்படியைச் செருப்போடு தாண்டிய மனிதர் கிடையாது. கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வருகிறவர்கூடச் சுமையோடு நின்று காலை உதறிக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் ஒருவர் இந்த வாசலில் ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர் தெருவையே முடித்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆகவே டென்னிஸும் ஷூவைக் கழற்றினார். இடது சாக்ஸில் இருந்த ஓட்டை அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வலது காலை எடுத்து இடது கால்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“கொக்கு மாதிரி நிக்காத சார். இங்க மீனு வராது” என்றாள் உஸ்மா.

உஸ்மா அவருடைய உதவியாளர். ராயபுரத்தில் பிரியாணிக் கடைக்கு மேலே இருக்கும் ‘டென்னிஸ் புலனாய்வு நிறுவன’த்தில் டென்னிஸைத் தவிர வேலை செய்கிற ஒரே ஆள். வேலை செய்கிற ஒரே ஆள் என்று சுருக்கமாகவும் சொல்லலாம்.

விஷயம் இதுதான். ராமசெல்வியின் மகள் மகிழினிக்கு நேற்று இந்த வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை எழிலன், வியாசர்பாடிக்காரன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை வைத்த ராமசெல்வியையும், ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற எழிலனின் அம்மா தேசராணியையும் ஒரே பாயில் உட்கார வைப்பதற்குள் இந்த இரண்டு பிள்ளைகளும் பட்ட பாட்டில் நாலு கப்பலைக் கரைக்கு இழுத்திருக்கலாம். எப்படியோ உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றினார்கள். பாயசம் நன்றாக இருந்ததாகத் தேசராணியே வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். வாசல் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கழற்றிப் போட்டிருந்த செருப்பில் ஒரு ஜோடிகூட இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் இருந்தது. மகிழினியின் தாய்மாமா இந்த விசேஷத்துக்கென்றே வாங்கிய புத்தம்புது கறுப்பு ஷூ. வெறும் வாசலில் அது மட்டும் பளபளவென்று, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்போல நேராக நின்றுகொண்டிருந்தது. பெண் வீட்டாரின் மற்ற செருப்புகள் எல்லாம் கொல்லைப்பக்கம் பத்திரமாக இருந்தன.

தேசராணி அந்த ஷூவைப் பார்த்தார். தன் சனத்தின் வெறுங்கால்களைப் பார்த்தார். அவர் கத்தவில்லை என்றும், கத்தியிருந்தால் பரவாயில்லை என்றும் மகிழினி சொன்னாள். அவர் பேசியதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“‘எங்க தாத்தா காலத்துல ஊருக்குள்ள செருப்பு போட்டு நடக்கக் கூடாதுன்னு வாயத் தொறந்து சொன்னாங்க. நீங்க சொல்லாமலே செஞ்சிட்டீங்க’ன்னாங்க சார். ஆட்டோ கூப்பிட்டோம், ஏறல. பட்டுப்புடவையோட எல்லாரையும் வெயில்ல வியாசர்பாடி வரைக்கும் நடக்கவே வெச்சிட்டாங்க.”

இன்று விளக்கு வைப்பதற்குள் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வருவதாகத் தேசராணி சொல்லி அனுப்பியிருந்தார். எழிலனோடு பேசலாம் என்றால், அவன் நேற்றிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறான். அதைச் சொன்னபோது மகிழினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராமசெல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “செருப்பைக் கழத்திட்டு வாங்கன்னு நான் சொன்னதுண்டு சார். ஒளிச்சு வைன்னு சொல்லுவனா? அந்த அம்மா என்னை அப்படி நினைச்சிட்டுப் போயிட்டாளே.”

டென்னிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதன் கைப்பிடி போன வருஷமே உடைந்துவிட்டதால் வட்டத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாசலைக் குனிந்து ஆராய்ந்தார். வாடிக்கையாளர் முன்னிலையில் அவர் செந்தமிழில்தான் பேசுவார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

“இது சாதாரணத் திருட்டு அல்ல.”

“சாதாரணத் திருட்டுக்கு நம்மள எதுக்கு சார் கூப்புடப் போறாங்க. அதுக்கு போலீஸ் கீதே” என்ற உஸ்மா, கூடத்தின் மூலையைக் கண்ணால் காட்டினாள். தாய்மாமா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் புது ஷூவை நேற்றிலிருந்து மடியை விட்டு இறக்கவில்லையாம். ராத்திரி அதைக் கட்டிக்கொண்டே தூங்கியதாக வீட்டில் சொன்னார்கள்.

டென்னிஸின் புருவம் உயர்ந்தது. இந்தக் கல்யாணத்துக்கு ஆரம்பத்தில் முகம் சுளித்தவர் தாய்மாமா. தப்பித்தது அவர் ஷூ மட்டும். புருவம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“சார், நெத்தி முடிஞ்சி போச்சி. புருவத்த எறக்கு” என்று உஸ்மா கிசுகிசுத்தாள். “அந்தாளு செருப்பத் தூக்குறவரா இருந்தா, சந்தேகம் வரக்கூடாதுன்னு மொதல்ல தன்னோடதத்தான் தூக்கியிருப்பாரு. நான் வேற ஒண்ணு கேக்குறேன். புதுச வுட்டுட்டுப் பழச மட்டும் தூக்கிட்டுப் போற திருடன் எந்த ஊர்ல கீறான்?”

டென்னிஸ் வாசலை நோக்கி நடந்தார். பதில் தெரியாதபோது அவர் வெளியே போய்விடுவார். துப்பறிதலில் அதற்கு ‘களஆய்வு’ என்று பெயர்.

*

தெருமுனையில் மீன் விற்கும் அம்முவுக்குக் காசிமேட்டிலிருந்து சரக்கு வருகிறது. அவர் உட்காரும் இடத்திலிருந்து ராமசெல்வியின் வாசல் அப்பட்டமாகத் தெரியும். நேற்று வந்த திருடனைப் பார்த்தீர்களா என்று டென்னிஸ் அதிகாரமாகக் கேட்டார். இல்லை என்றார் அம்மு. ஒரு சங்கராவை எடுத்துச் செதில் நீக்கத் தொடங்கினார்.

உஸ்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “யக்கா, திருடன வுடு. செருப்ப யாருனா எடுத்தாங்களா?”

“அத்தக் கேளு. எடுத்தாரே ஒருத்தரு” என்றார் அம்மு.

நேற்றே ஏன் இதைச் சொல்லவில்லை என்று டென்னிஸ் அதிர்ந்துபோய்க் கேட்டார். நேற்று தெருவே திரண்டு வந்து திருடனைப் பார்த்தியா என்றுதான் கேட்டதாம். அம்மு பார்த்தது திருடனை இல்லையாம். ஹெல்மெட் போட்ட ஒரு மனுஷர், முதுகில் அலமாரி அளவுக்கு ஒரு பையோடு வந்தாராம். குவியலாகக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து வரிசையாக வைத்தாராம். ஒவ்வொன்றையும் மேலிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, கவிழ்த்து அடியில் ஒரு போட்டோ. தாய்மாமாவின் ஷூவையும் எடுத்துப் பார்த்தாராம். அடியைத் தட்டி, வளைத்து, தலையை ஆட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே நேராக வைத்தாராம். மற்றதையெல்லாம் பைக்குள் அடுக்கிக்கொண்டு, போகும்போது ஆடு மாடு நுழையாமல் கேட்டையும் சாத்திவிட்டுப் போனாராம்.

“அவர எப்டி சார் திருடன்னு சொல்றது? எங்கூட்டுக்காரரு கூட இதுவரிக்கும் கேட்ட சாத்துனது இல்ல.”

டென்னிஸ் முகவாயைத் தடவினார். செருப்புகளைப் படம் பிடித்து மாந்திரீகம் செய்யும் கும்பல் ஒன்று எண்ணூர்ப் பக்கம் இயங்கக்கூடும் என்று தொடங்கினார். உஸ்மா அவரைப் பேச விட்டுவிட்டு அம்முவிடம் இன்னொரு கேள்வி கேட்டாள். அந்த ஆளிடம் வேறு எதையாவது அம்மு கவனித்தாரா?

அந்தப் பையிலிருந்து குப்பென்று ஒரு நெடி வந்ததாம். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்முவுக்கே மூக்கு எரிந்ததாம். செருப்பு ஒட்டுகிற சொல்யூசன் நெடி.

“வஞ்சிரத்தத் தாண்டி வந்த வாசனை சார்” என்று எழுந்தாள் உஸ்மா. “மாந்திரீகம்லாம் இல்ல. ஒட்டுறவங்க வேல. வா, கொருக்குப்பேட்ட போலாம்.”

*

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே செருப்புத் தைக்கும் சைமன் அன்று கழுத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். அதில் அவர் படமும், ‘பாதநல வடிவமைப்பாளர்’ என்ற பட்டமும் இருந்தன. அது என்ன என்று கேட்டதற்கு அவர் பெருமூச்சு விட்டார்.

‘மறுநடை’ என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறதாம். செருப்பு அறுந்தால், துணி கிழிந்தால் போனில் ஒரு தட்டுத் தட்ட வேண்டியது. ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்து டெய்லரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் கொடுத்து, சரி பண்ணி வீட்டுக்கே கொண்டு வந்து தருவார். அதில் சேர்ந்தபிறகு வேலை வருவது உண்மைதான் என்று சைமன் ஒப்புக்கொண்டார். ஆனால் முன்பெல்லாம் கஸ்டமர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார். இப்போது செருப்பு மட்டும் வருகிறது, கதை வருவதில்லை. எதிர்வரிசையில் ஜாக்கெட் தைக்கிற அக்காவை ‘ஆடை மீட்பாளர்’ ஆக்கிவிட்டார்களாம். அந்த அக்கா அட்டையை மெஷினுக்கு எண்ணெய் போடும்போது கீழே விரித்துக்கொள்கிறாராம்.

“தச்ச பொறவு போட்டோ எடுக்கணும். செருப்பு சந்தோசமா தெரியணும்ன்றாங்க. செருப்ப எப்டி சார் சந்தோசமா வெக்கிறது?”

நேற்று ஒரு பை நிறையச் செருப்பு வந்ததா என்று டென்னிஸ் கேட்டார். வந்தது என்றார் சைமன். அவரும் இன்னும் சிலரும் பங்கு போட்டு உடனே தைத்துக் கொடுத்தும் விட்டார்களாம். ஆனால் அத்தனையும் இன்னும் கம்பெனி கோடவுனில்தான் கிடக்கிறதாம். கஸ்டமர் போனில் ‘சரி’ என்று அழுத்தினால்தான் திருப்பித் தருவார்களாம். அந்தக் கஸ்டமரோ போனையே எடுக்கவில்லையாம்.

டென்னிஸ் நன்றி சொல்லிக் கிளம்பினார். சைமன் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“சும்மா போனா எப்டி சார்? துப்பு குடுத்தேன்ல. ஸ்டாரு போட்டுட்டுப் போ.”

*

‘மறுநடை’யின் தலைமையகம் ஒரு காலத்தில் வெங்காய கோடவுன். இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியும் இருந்தன. வெங்காய வாசனையும் இருந்தது. வாசலில் ‘கிழிந்தவை எழும் இடம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. நிறுவனர் ஷிபின் கால்மேல் கால் போட்டு, அந்தக் காலையும் மேஜைமேல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய டீ-ஷர்ட்டில் ‘நிறுவனர்’ என்று எழுதியிருந்தது, யாராவது தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

“நாங்க செருப்பு தைக்கிறதில்ல. பாதங்களோட தன்னம்பிக்கையை மீட்டெடுக்கிறோம்” என்று தொடங்கினார் ஷிபின்.

தொடர்ந்து வெகுநேரம் பேசினார். தன் ஷூ இத்தாலியில் கையாலேயே தைக்கப்பட்டது என்ற தகவலும் அதில் அடக்கம். மேஜைமேல் இருந்த அந்த ஷூவின் அடி முன்பக்கம் விட்டுப்போய், கரைக்கு வந்த மீன்போல வாயைப் பிளந்துகொண்டிருந்ததை உஸ்மா சுட்டிக்காட்டினாள். அது டிசைன் என்றார் ஷிபின்.

டென்னிஸுக்கு இவையெதுவும் காதில் விழவில்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் ராமசெல்வியின் வாசற்கோலம் தெரிந்தது. கோலத்தின்மேல் வரிசை வரிசையாகச் செருப்புகள். மேலே ‘வரலாற்றுச் சாதனை’ என்று கொட்டை எழுத்து.

“அதைப் பாத்தீங்களா?” ஷிபின் எழுந்தே நின்றுவிட்டார். “ஒரே வீட்டிலிருந்து இவ்வளவு பெரிய ஆர்டர். ‘வடசென்னை ஒரே குடும்பமாகத் திரண்டு தன் செருப்பைக் கழற்றி எங்களிடம் ஒப்படைத்தது’ன்னு முதலீட்டாளர்களுக்கு நேத்தே எழுதிட்டேன்.”

“அவர்கள் கழற்றினார்கள். உங்களிடம் ஒப்படைக்கவில்லை” என்றார் டென்னிஸ். அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் முதல் உருப்படியான வாக்கியம்.

கூப்பிட்டதும் ரஹீம் வந்தார். அம்மு சொன்ன ஹெல்மெட் மனிதர் அவர்தான். நிதானமான ஆள், விதி தவறாதவர். கம்பெனி விதிப்படி பொருளை எடுக்கும்போது பெல் அடிக்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது, ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. வாடிக்கையாளரின் அமைதியைக் குலைக்கவே கூடாது. பழுது இல்லாத பொருளையும் எடுக்கக் கூடாது. ‘வாசலில் இருக்கிற செருப்பு’ என்று கஸ்டமர் எழுதியிருந்தார். வாசலில் செருப்பு இருந்தது. தேய்ந்ததும் அறுந்ததுமாக இருந்தவற்றை எடுத்தார். பழுதில்லாத ஷூவை விட்டுவிட்டார்.

உஸ்மா ஷிபினைப் பார்த்தாள். “ஒரு விசேஷ வூட்டு வாசல்ல ஒரு ஜோடிக்கு மேல செருப்பு கெடக்கும்னு உனுக்குத் தோணவே இல்லியா நைனா?”

தங்கள் ஆய்வில் அப்படி ஒரு தரவு வரவில்லை என்றார் ஷிபின். ஆய்வு எங்கே நடத்தப்பட்டது என்று அவள் கேட்டாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் எங்கள் மாடியில் என்று பதில் வந்தது. அந்த மாடியில் ஷிபின் வீடு மட்டும்தான் என்பதும் கொஞ்ச நேரத்தில் தெரியவந்தது.

ஆர்டர் கொடுத்தது யார்? அதை மட்டும் சொல்ல முடியாது என்றார் ஷிபின். வாடிக்கையாளரின் அந்தரங்கம் புனிதமானது. உயிரே போனாலும் பெயரைச் சொல்ல மாட்டாராம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைத் தான் பெருமையோடு சுவரில் போட்டு வைத்திருப்பது அவருக்கு நினைவில்லை.

அது திரையின் ஓரத்தில் சின்னதாக இருந்தது. காலில் போட்டிருந்தபடியே மேலிருந்து எடுத்த படம். பழுப்பு நிறச் செருப்பு, கட்டைவிரல் வார் அறுந்து, அதில் ஓர் ஊக்கு. கீழே கோலத்தின் ஒரு மூலை. மேலே வேட்டியின் விளிம்பு. அந்த விளிம்பின் முனையில் மஞ்சளாக ஒரு பொட்டு.

டென்னிஸ் பூதக்கண்ணாடியின் வட்டத்தை மெல்ல எடுத்து அந்தப் பொட்டின்மேல் வைத்தார். திரும்பியபோது அவரிடம் செந்தமிழ் மிச்சமில்லை.

“உஸ்மா. புதுத்துணின்னா ஓரத்துல மஞ்ச வெச்சிதான் கட்டுவாங்க. நேத்து அந்த வாசல்ல புது வேட்டி கட்டிகினு நின்னது யாரு?”

உஸ்மா முதல்முறையாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மாப்ள” என்றாள் கடைசியில். “அதான் போன ஆஃப் பண்ணி வெச்சிகினு கீறாரு.”

*

லோடு ஆட்டோவில் செருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வரும்போது டென்னிஸின் ஆள்காட்டி விரல் தானாக நீண்டு நீண்டு மடங்கியது. எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ‘குற்றவாளி நம்மிடையேதான் இருக்கிறார்’ என்று விரலை நீட்டும் நாளுக்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். உஸ்மா அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

“மாப்ளதான்னு சொன்னா, அந்தம்மா சொந்தப் புள்ள மானத்த வாங்கிட்டேன்னு தட்டத் தூக்கிக் கடாசும். சொல்லாம வுட்டா, ராமசெல்வி அக்கா பழியோட நிக்கும். ரெண்டுலயும் கல்யாணம் போச்சி. விரல வெச்சிகினு சும்மா இரு சார்.”

தாய்மாமாவைச் சொல்லிவிட்டால் என்ன என்று டென்னிஸ் ஆசையோடு கேட்டார். அந்த ஆள் ஏற்கனவே ஷூவோடு தூங்குகிறார், பாவம் என்றாள் உஸ்மா. கம்பெனிமேல் போட்டுவிடலாம் என்று முடிவானது. ஷிபின் மறுப்பாரே என்றால், அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ‘பாதங்களும் செருப்புகளும் மீண்டும் சந்திக்கும் தருண’த்தை வீடியோ எடுக்கும் ஆசையில், கஸ்டமரின் ‘சரி’க்குக்கூடக் காத்திருக்காமல் செருப்புகளை ஏற்றச் சொல்லிவிட்டு, அவரும் முன்சீட்டில் வந்துகொண்டிருந்தார். பின்னால் ரஹீம் ஸ்கூட்டரில் வந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. தேசராணி தன் சனத்தோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் நிச்சயத் தட்டு, பழமும் வெற்றிலையும் நேற்று வைத்தபடியே. ஒருவர் காலிலும் செருப்பில்லை. வேறு செருப்பு இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே அப்படி வந்திருந்தார்கள். வாசற்படிக்கு உள்ளே ராமசெல்வி நின்றார். வெளியே போகவும் கால் வரவில்லை, வாங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்குப் பின்னால் மகிழினி. தேசராணிக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி எழிலன்.

இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்ததும் டென்னிஸின் விரல் உஸ்மாவை மீறிக்கொண்டு எழுந்தது. “குற்றவாளி நம்மிடையே—” என்று தொடங்கிவிட்டார். உஸ்மா அவர் முதுகில் கிள்ளினாள்.

“நான்தாம்மா” என்றான் எழிலன்.

டென்னிஸின் விரல் அந்தரத்தில் நின்றது. தன் தொழில் வாழ்க்கையின் உச்சத்தை ஒருவன் இப்படித் தட்டிப் பறிப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

எழிலன் முழுதும் சொன்னான். நேற்று வாசலில் வந்து நின்றபோது எதிரே தாய்மாமாவின் புது ஷூ. தன் காலில் ஊக்குக் குத்திய செருப்பு. பெண் வீட்டார் கண்ணில் அது பட்டுவிடும் என்று கூச்சமாகிவிட்டது. போனில் இந்தக் கம்பெனி விளம்பரம் வந்தது. தட்டு மாற்றி முடிப்பதற்குள் தைத்துக் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தான். வெளியே வந்து பார்த்தால் மொத்த வாசலும் காணோம். அம்மா பெண் வீட்டார்மேல் பழி போட்டார். அதற்குப்பிறகு அவனால் வாய் திறக்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து போன்மேல் போன் வரவும் அணைத்துவிட்டான்.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரஹீம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைகளைப் பிரித்து, ஜோடி ஜோடியாக, படத்தில் இருந்த அதே வரிசையில் வாசலில் வைத்தார். புது வார், புது அடி, புதுத் தையல். ஒன்றிரண்டு செருப்புகள் சந்தோஷமாகவேகூடத் தெரிந்தன.

தேசராணி தன் செருப்பைக் கண்டுபிடித்தார். ரயில்வேயில் நடந்து நடந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்த குதிகால் நிமிர்ந்திருந்தது. காலை நுழைத்து, ஒரு தடவை அழுத்தி நின்று பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

“ஊக்கு வெச்ச செருப்புன்னு வெக்கமாடா உனுக்கு? உங்கப்பன் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னப்ப ரெண்டு கால்லயும் ஊக்கு. அத்தப் பாத்துதான் நான் சரின்னேன், இவன் எதையும் தூக்கிப் போட மாட்டான்னு.”

தேசராணி தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ராமசெல்வியை ஏறிட்டுப் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் கிடையாது. அதற்குப் பதிலாக வாசற்படி வரை நடந்து, அங்கே நின்று, இப்போதுதான் போட்ட செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

ராமசெல்வி படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் மதினி. கழத்தாதீங்க.” பிடித்த கையை அவர் விடவில்லை. “செருப்போடயே உள்ள வாங்க. எல்லாரும் அப்படியே வாங்க.”

கூடத்தில் தாய்மாமாவின் மடியிலிருந்து ஷூ கீழே விழுந்த சத்தம் வாசல் வரை கேட்டது. சிலிண்டர் சுமந்தவருக்குக் கிடைக்காத மரியாதை, வேட்பாளருக்குக் கிடைக்காத மரியாதை, அந்தப் படி இத்தனை காலத்தில் பார்த்திராத ஒன்று. தேசராணி ஒரு கணம் நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, செருப்புக் காலோடு படியைத் தாண்டினார். பின்னாலேயே வியாசர்பாடி மொத்தமும் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு டப்டப்பென்று உள்ளே நடந்தது. மகிழினி எழிலனின் காலைப் பார்த்தாள். புது வாரைப் பார்த்தாள். ஊக்கு எங்கே என்று கேட்டாள். கம்பெனி அதைத் தனி உறையில் போட்டுத் திருப்பித் தந்திருந்தது. அதை வாங்கித் தன் புடவைத் தோளில் குத்திக்கொண்டாள்.

டென்னிஸும் ஷூவோடு கம்பீரமாக உள்ளே நடந்தார். கட்டைவிரல் பத்திரமாக இருந்தது. அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு வழக்கு இவ்வளவு திருப்தியாக முடிந்ததில்லை.

ஷிபின் மட்டும் பின்தங்கினார். எல்லோரும் செருப்போடு போனால் வீடியோவில் பண்பாடு தெரியாதே. ஆகவே கேமராவைத் தன் பக்கம் திருப்பி, நம் மரபைப் பற்றி நாலு வார்த்தை பேசி, இத்தாலிய ஷூவைக் கழற்றி வெறும் வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் பாயசம் வந்தது. உஸ்மா டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். டென்னிஸ் எட்டிப் பார்த்தார். திரையில் ‘வாசலில் இருக்கிற ஷூ’ என்று எழுதியிருந்தது.

“மொத ஜோடி ஃப்ரீ சார்” என்றாள் உஸ்மா.

வெளியே ரஹீமின் போன் ஒலித்தது. அவர் படித்தார். வாசலைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குனிந்து, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, கவிழ்த்து அந்தப் பிளந்த வாயை ஒன்று எடுத்தார். பெல் அடிக்கவில்லை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது கேட்டை மறக்காமல் சாத்திவிட்டுப் போனார்.